மாதிரியில் ஒரு தப்பு

ராஜபாளையத்துக்குப் பக்கத்தில் தளவாய்புரம் என்று ஓர் ஊர். நீங்கள் அங்கே போயிருக்கமாட்டீர்கள். ஆனால் அந்த ஊர் உங்கள் வீட்டுக்கு வந்திருக்க நிறையவே வாய்ப்பு உண்டு, நைட்டி ரூபத்தில். ஸ்ரீவில்லிபுத்தூர் என்றதும் பால்கோவா ஞாபகம் வருகிற மாதிரி, துணி வியாபாரிகளுக்கு தளவாய்புரம் என்றால் நைட்டி.

ரெடிமேட் தொழிலில் கட்டிங் மேஜை என்று ஒன்று உண்டு. நீளமான மேஜை. அதில் துணியை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கி விரிப்பார்கள். மேலே பேட்டர்ன் அட்டையை வைத்து சாக்பீஸால் கோடு இழுத்து, கோட்டின் மேல் மெஷினை ஓட்டினால் அத்தனை அடுக்கும் ஒரே வெட்டு.

இப்போது ஒரு சின்னக் கணக்கு. தைக்கிறவர் கை தவறினால் என்ன நஷ்டம்? ஒரு நைட்டி. பிரித்துத் தைத்தால் அதுவும் சரியாகிவிடும். ஆனால் அட்டையில் அக்குள் வளைவு அரை இஞ்ச் குறைந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். அடுக்கு எண்பது என்றால் எண்பதும் போச்சு. நாளைக்கும் அதே அட்டைதான் என்றால் நாளைக்கு இன்னொரு எண்பது.

இதில் வேடிக்கை என்ன தெரியுமா? அந்த அட்டைக்கு ஒன்றும் ஆகாது. அதை யாரும் போட்டுக்கொள்ளப் போவதில்லையே! கட்டிங் மேஜையில் அது சமர்த்தாகத்தான் உட்கார்ந்திருக்கும். அக்குள் பிடிக்கிறது என்ற விஷயம் எங்கோ ஓசூரில் ஓர் அம்மாவுக்குத்தான் தெரியவரும். அவர் என்ன நினைப்பார்? 'அட்டையில் தப்பு' என்றா? ம்ஹூம். 'நான்தான் குண்டாயிட்டேன் போல!'

அந்த அம்மாவை மறந்துவிடாதீர்கள். இந்தக் கட்டுரை அவரைப் பற்றியதுதான்.

செய்கிற வேலையில் வரும் தப்பும், செய்து காட்டும் மாதிரியில் வரும் தப்பும் ஒன்றா? மாதிரியில் ஒரு தப்பு இருப்பதைப் பார்த்துவிட்ட, ஆனால் அதைச் செய்யாத ஒருவருக்கு அதைத் திருத்தும் கடமை உண்டா?

இந்தக் கேள்விகள் நாள் தவறாமல் எழுகிற ஓர் இடம் இருக்கிறது. உங்கள் சட்டைப்பையில் ஆண்ட்ராய்டு போன் இருந்தால் அந்த இடத்தின் ஒரு துண்டு உங்களிடமும் இருக்கிறது. லினக்ஸ் கெர்னல்!

கெர்னல் என்றால் பருப்பு. ஆபரேட்டிங் சிஸ்டம் என்ற கொட்டைக்குள் இருக்கிற பருப்பு. மெமரியை யாருக்கு எவ்வளவு கொடுப்பது, பிராசஸர் இப்போது யாருக்கு வேலை செய்வது என்பதையெல்லாம் முடிவு செய்வது அதுதான். 1991-ல் ஹெல்சின்கியில் படித்துக்கொண்டிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் என்கிற 21 வயது மாணவர் தொடங்கி வைத்தது. இன்றைக்கு மூன்று கோடி வரிகளைத் தாண்டிவிட்டது. 2017 நவம்பர் பட்டியலிலிருந்து உலகின் முதல் 500 சூப்பர் கம்ப்யூட்டர்களிலும் ஓடுவது இதுதான். செவ்வாய் கிரகத்தில் 2021-ல் பறந்த 'இன்ஜெனியூட்டி' குட்டி ஹெலிகாப்டரிலும் இதுதான். அவ்வளவு தூரம் போவானேன்? 2011-ல் தமிழக அரசு மாணவர்களுக்கு இலவச லேப்டாப் கொடுக்க ஆரம்பித்ததே, அதில் விண்டோஸோடு கூடவே 'பாஸ்' என்ற லினக்ஸும் இருந்தது. சென்னை சி-டாக் தயாரிப்பு. அதாவது, தளவாய்புரத்துப் பிள்ளைகள் கைக்கும் இந்தப் பருப்பு அன்றைக்கே வந்து சேர்ந்துவிட்டது.

யார் வேண்டுமானாலும் கெர்னலைத் திறந்து பார்க்கலாம், மாற்றத்தை எழுதி அனுப்பலாம். ஆனால் மூன்று கோடி வரியை யார் படிப்பது? அதற்காகத்தான் கூடவே ஒரு பெரிய விளக்கக் குவியல் இருக்கிறது. ஆயிரக்கணக்கான கோப்புகள். 'இந்த ஃபங்ஷனை இப்படிக் கூப்பிடு, இந்தப் பூட்டை இந்த இடத்தில் போடு' என்று சொல்லி, நடுநடுவே பத்து இருபது வரியில் உதாரண நிரல் கொடுத்திருப்பார்கள்.

நமது பேட்டர்ன் அட்டை அதுதான்.

கெர்னலுக்குள் இருக்கும் நிஜமான நிரலில் ஒரு தப்பு வந்தால், மெஷின் தொங்கும், அல்லது கம்பைல் ஆகாது. எப்படியோ ஒரு சத்தம் வரும். விளக்கத்துக்குள் இருக்கும் உதாரணத்தில் தப்பு வந்தால் எந்தச் சத்தமும் வராது. அதை எந்தக் கம்ப்யூட்டரும் ஓட்டிப் பார்ப்பதில்லை. அதை ஓட்டுவது படிக்கிற மனிதர். அவர் வீட்டில், அவர் கம்ப்யூட்டரில், அவருடைய செலவில்.

பி.காம். படித்தவர்களுக்கு இது உடனே பிடிபடும். டிரையல் பேலன்ஸ் 'டேலி' ஆகிவிட்டால் கணக்கு சரி என்று அர்த்தமா? இல்லை. மெஷின் வாங்கிய பணத்தைச் சரக்கு வாங்கிய கணக்கில் எழுதினால் இரண்டு பக்கமும் கன கச்சிதமாக டேலி ஆகும். லாபம் மட்டும் தப்பாக வரும். விதிப்பிழை என்பார்கள். டேலி ஆகாத தப்பு நல்ல தப்பு. அது தன்னைத்தானே காட்டிக்கொடுத்துவிடும். டேலி ஆகிற தப்புதான் ஆபத்து.

சரி, கெர்னல் எழுதுகிறவர்கள் சூரர்களாயிற்றே, உதாரணத்தில் எப்படித் தப்பு வரும்?

முதல் வழி, சுருக்கம். கெர்னலிடம் மெமரி கேட்டால் சில சமயம் 'இல்லை போ' என்று சொல்லிவிடும். எனவே கேட்டபின் கிடைத்ததா என்று பார்ப்பது கட்டாயம். உதாரணம் எழுதுகிறவர், 'எல்லாருக்கும் தெரிந்ததுதானே' என்று அந்த இரண்டு வரியை விட்டுவிடுவார். அவருக்குத் தெரியும். படிக்கிறவர் அந்த ஓட்டையோடு சேர்த்துப் பிரதி எடுப்பார்.

இரண்டாவது வழி இன்னும் வினோதம். யாருமே கை வைக்காமல், சரியாக இருந்த உதாரணம் தானாகவே தப்பாகிவிடும்! கெர்னலின் உள் ஏற்பாடுகள் மாறிக்கொண்டே இருக்கும். உள்ளுக்குள் எதையும் நிலையாக வைத்திருப்போம் என்று நாங்கள் வாக்குக் கொடுக்கவில்லை என்று கிரெக் க்ரோ-ஹார்ட்மன் ஒரு தனி ஆவணமே எழுதி வைத்திருக்கிறார். டைமரை எடுத்துக்கொள்ளுங்கள். 'இத்தனை நேரம் கழித்து என்னை எழுப்பு' என்று சொல்லும் அலாரம். அதைத் தயார் செய்ய வருடக்கணக்காக ஒரு முறை இருந்தது. 2018 ஜனவரியில் வந்த 4.15 பதிப்பில் அதைத் தூக்கிவிட்டுப் புது முறை வைத்தார்கள். டிரைவர் எழுதக் கற்றுக்கொள்கிறவர்களின் வேதப் புத்தகமான 'லினக்ஸ் டிவைஸ் டிரைவர்ஸ்' மூன்றாம் பதிப்பு வந்தது 2005-ல். அதிலிருக்கும் டைமர் உதாரணம் இன்று கம்பைல் ஆகாது. புத்தகத்தில் ஓர் எழுத்துகூட மாறவில்லை. உலகம்தான் மாறிவிட்டது.

அதுவாவது கம்பைல் ஆகாமல் சத்தம் போடும். சத்தமே போடாத கதை ஒன்று சொல்கிறேன். கெர்னலுக்கு வெளியே நடந்தது, ஆனால் சமாச்சாரம் இதேதான். 'பைனரி தேடல்' கேள்விப்பட்டிருப்பீர்கள். டெலிபோன் டைரக்டரியில் நடுப்பக்கத்தைத் திறந்து, முன்னால் போவதா பின்னால் போவதா என்று பாதி பாதியாகக் குறைத்துக்கொண்டே போவது. ஜான் பென்ட்லி என்ற பேராசிரியர் 1986-ல் வந்த 'புரோகிராமிங் பேர்ல்ஸ்' புத்தகத்தில் இதற்கு நிரல் எழுதி, அது சரிதான் என்று நிரூபித்தும் காட்டினார். நடுப்பக்கத்தைக் கண்டுபிடிக்க என்ன செய்ய வேண்டும்? ஆரம்ப எண்ணையும் முடிவு எண்ணையும் கூட்டி இரண்டால் வகுக்க வேண்டும். இதில் என்ன தப்பு இருக்க முடியும்?

சாதாரண கம்ப்யூட்டர் முழு எண்ணுக்குக் கொள்ளளவு சுமார் 214 கோடி. 110 கோடியையும் 120 கோடியையும் கூட்டினால் 230 கோடி. கொள்ளவில்லை. வழிந்து, மைனஸ் எண்ணாகிவிடும். புத்தகம் வந்த காலத்தில் அவ்வளவு பெரிய பட்டியலை வைக்க மெஷினே இல்லை. எனவே தப்பு இருபது வருடம் தூங்கியது. ஜாவா மொழியின் நூலகத்திலும் அதே முறை ஒன்பது வருடம் போல இருந்தது. 2006-ல் இதை ஊருக்குச் சொன்னவர் ஜோஷுவா ப்ளாக். ஜாவாவில் அந்த நிரலை எழுதியவரே அவர்தான்! போதாததற்குப் பென்ட்லியின் வகுப்பில் உட்கார்ந்து கேட்டவர். வித்தியாசத்தைப் பாதியாக்கி, ஆரம்ப எண்ணோடு கூட்டினால் போதும், வழியாது. ஒரே ஒரு வரி மாற்றம்.

'எழுதியவர் திருத்தட்டும், எனக்கென்ன?' என்பதற்கு ப்ளாக் ஒரு பதில். எழுதியவரே திருத்தினார். ஆனால் எல்லா உதாரணத்துக்கும் எழுதியவர் இருக்கமாட்டார். கம்பெனி மாறியிருப்பார், ஆர்வம் போயிருக்கும், சிலர் உயிரோடு இல்லை. அப்போது?

பொதுவாக நாம் சொல்லும் சமாதானம் ஒன்று உண்டு. 'தெரிஞ்சவனுக்குத் தெரியும் சார், அவன் பார்த்துப்பான்.' வாஸ்தவம்தான். தெரிந்தவர் அந்த உதாரணத்தைப் பார்த்ததும், 'இது பழசு' என்று சிரித்துக்கொண்டே தாண்டிப் போய்விடுவார். அவருக்கு அரை நிமிடம்கூட நஷ்டமில்லை.

நஷ்டம் யாருக்கு? பெங்களூருவில் பெரிய கம்பெனியில் இருப்பவர் பக்கத்து நாற்காலியைப் பார்த்து, 'மச்சி, இது ஏன் ஓடலை?' என்று கேட்டுவிடலாம். வீட்டின் முதல் பட்டதாரியாக ஒரு பெண் தளவாய்புரத்தில் உட்கார்ந்து தானாகக் கற்றுக்கொள்கிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்பா தறி, அம்மா தையல். அவள் யாரைக் கேட்பாள்? அவளுக்கு இருப்பது அந்தப் பக்கம் ஒன்றுதான். அதில் இருக்கிற மாதிரியே அட்சரம் பிசகாமல் தட்டுகிறாள். ஓடவில்லை. மறுபடி தட்டுகிறாள். ஓடவில்லை. அச்சில் இருப்பது தப்பாக இருக்கும் என்று அவளுக்குத் தோன்றாது. 'கெர்னல் எழுதுகிறவர்களுக்குத் தெரியாததா? எனக்குத்தான் மண்டையில் ஏறவில்லை' என்றுதான் தோன்றும். இரண்டு ராத்திரி முட்டி மோதிவிட்டு, 'இது நமக்கு வராது' என்று மூடி வைத்துவிடுவாள்.

ஓசூர் அம்மா ஞாபகம் வருகிறாரா?

விஷயம் இவ்வளவுதான். வேலையில் உள்ள தப்பு, எதிரே வரும் யாரையும் அடிக்கும். மாதிரியில் உள்ள தப்பு, ஆள் பார்த்து அடிக்கிறது. கேட்க ஆள் இருப்பவரை விட்டுவிட்டு, கேட்க ஆள் இல்லாதவரைத் தேடிப் போய் அடிக்கிறது. அடிப்பதோடு நிற்காமல், பழியையும் அவர் தலையிலேயே போட்டுவிட்டு வருகிறது. அதனால்தான் இதைச் 'சின்னத் தப்பு' என்று என்னால் ஒதுக்க முடியவில்லை. பத்து வரி உதாரணத்தில் ஒரு வரி என்பது, எழுதியவருக்குச் சின்னது. அதை நம்பியவருக்கு அது அவருடைய திறமையைப் பற்றிய தீர்ப்பு.

அப்படியென்றால் உதாரணத்தில் தப்பே இருக்கக் கூடாதா? இருக்கலாம், பெயர் ஒட்டியிருந்தால். ரஸ்டி ரஸ்ஸல் என்ற ஆஸ்திரேலியர் எழுதிய இரண்டு கையேடுகள் கெர்னல் விளக்கங்களில் பிரசித்தம். இரண்டுக்கும் அவர் வைத்த தலைப்பு என்ன தெரியுமா? 'நம்பகமற்ற கையேடு'! பூட்டுகளைப் பற்றிய கையேட்டில் ஓர் இடம். ஒரு பொருளைக் கலைக்கும்போது அதன் டைமர் இன்னொரு பிராசஸரில் அடித்துக்கொண்டிருந்தால் என்ன ஆகும்? வீட்டை இடித்த பிறகு வாடகைக்காரர் சாவியோடு வந்து நிற்கிற கதைதான். அதைக் காட்ட, வேண்டுமென்றே தப்பான உதாரணத்தை முதலில் கொடுக்கிறார். கூடவே பெரிய எழுத்தில் 'இது மட்டமான நிரல்' என்று அந்த நிரலையே திட்டி ஒரு குறிப்பு. பிறகு சரியான வழி. படிக்கிறவருக்கு ஒரு குழப்பமும் இல்லை. விஷ பாட்டிலில் மண்டை ஓடு போட்டிருந்தால் பயமில்லை. ரோஸ் மில்க் என்று லேபிள் ஒட்டியிருந்தால்தான் பிரச்னை.

இனி, யார் திருத்துவது? இங்கேதான் சிக்கல். தெரிந்தவருக்கு அந்த உதாரணம் தேவையில்லை, அதனால் அவர் அதைப் படிப்பதே இல்லை. தேவைப்படுகிறவருக்குத் திருத்தத் தெரியாது. நடுவில் ஒரே ஓர் ஆள்தான் மிச்சம். நேற்று தடுக்கி விழுந்து, இன்று எழுந்தவர். கல் எங்கே இருக்கிறது என்று அவருக்கு முழங்கால் வலியோடு ஞாபகம் இருக்கும். நாளைக்கு அவரும் 'தெரிந்தவர்' ஆகிவிடுவார். கல்லைத் தாண்டிப் போகப் பழகிவிடுவார். பிறகு கல்லே கண்ணில் படாது. எனவே கடமை என்று ஒன்று இருந்தால் அது அவருக்குத்தான், அதுவும் கொஞ்ச நாளைக்குத்தான். கெர்னலுக்குப் புதிதாக வருகிறவர்களில் பலர் முதன்முதலில் கை வைப்பது விளக்க ஆவணத்தில்தான் என்பது தற்செயலாக நடப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

'அப்படியானால் கண்ணில் படுவதையெல்லாம் திருத்திக்கொண்டே போகலாமா?' என்று கேட்பீர்கள். கூடாது. திருத்துவதிலும் ஒரு போதை உண்டு. காற்புள்ளியை நகர்த்திவிட்டு 'நானும் கெர்னலுக்குப் பங்களித்தேன்' என்று பயோடேட்டாவில் போட்டுக்கொள்கிற ஆசை இருக்கிறதே, அது வேறு. அதைவிட மோசம், புரியாமல் திருத்துவது. பழைய தப்பாவது பலர் கண்ணில் பட்ட தப்பு. புதுத் தப்பு 'திருத்தப்பட்டது' என்ற முத்திரையோடு வருவதால் அதை யாரும் சந்தேகப்படமாட்டார்கள்.

அந்த நம்பிக்கையோடு விளையாடியும் பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் சிலர், பார்வைக்குத் திருத்தம் போலவும் உள்ளே ஓட்டை உள்ளதாகவும் மாற்றங்களைத் தயாரித்து, கெர்னல்காரர்கள் கண்டுபிடிக்கிறார்களா என்று பார்க்க அனுப்பினார்கள். ஆராய்ச்சியாம்! 2021 ஏப்ரலில் விஷயம் வெடித்தது. கிரெக் க்ரோ-ஹார்ட்மன் அந்தப் பல்கலைக்கழகத்திலிருந்து வரும் மாற்றங்களை ஏற்கமாட்டோம் என்று அறிவித்தார். அங்கிருந்து முன்பு வந்த நல்ல திருத்தங்களையும் உட்கார்ந்து மறுபடி சரிபார்க்க வேண்டியதாயிற்று. ஒரு பொய்த் திருத்தம், நூறு நிஜத் திருத்தத்தைச் சந்தேகத்துக்கு உள்ளாக்கிவிட்டது.

எனவே கெர்னலில் திருத்துகிறவருக்குச் சில ஒழுங்குகள் உண்டு. என்ன மாற்றுகிறேன் என்பதோடு, ஏன் மாற்றுகிறேன் என்று எழுத வேண்டும். கடைசியில் தன் பெயரைப் போட்டு 'சைண்ட்-ஆஃப்-பை' என்று ஒரு வரி. தங்கள் சொத்தை லினக்ஸில் நுழைத்துவிட்டார்கள் என்று எஸ்.சி.ஓ. கம்பெனி 2003-ல் ஐ.பி.எம். மீது வழக்குப் போட்டது. 'எந்த வரி யாரிடமிருந்து வந்தது என்று தெரிய வேண்டும்' என்று 2004-ல் இந்த வழக்கத்தைக் கொண்டுவந்தார்கள். தப்பைக் கண்டுபிடித்துச் சொன்னவர் ஒருவர், திருத்தியவர் வேறொருவர் என்றால், சொன்னவர் பெயருக்கும் தனி வரி உண்டு. இது எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம். திருத்தத் தெரியாதவரும் சொல்லலாம், சொன்னதற்கு மரியாதை உண்டு.

பழைய தப்பு அழிவதும் இல்லை. யார் எழுதியது, எப்போது, யார் எதற்காக மாற்றியது என்று எல்லாம் வரலாற்றில் இருக்கும். நம்மூர்க் கணக்குப்பிள்ளைகளின் தர்மமும் இதுதானே? பேரேட்டில் தப்பாக எழுதிவிட்டால் பிளேடால் சுரண்டக் கூடாது. திருத்தப் பதிவு போட்டு, கீழே காரணம் எழுத வேண்டும். சுரண்டினால் அது திருத்தம் இல்லை, மோசடி.

இன்னொன்றும் செய்கிறார்கள். உதாரணங்களில் சிலவற்றை விளக்கத்துக்குள் வைக்காமல், 'சாம்பிள்ஸ்' என்ற தனி அறையில் நிஜ நிரலாகவே வைத்துவிடுவது. கெர்னலோடு சேர்த்து அதையும் கம்பைல் செய்து பார்க்கலாம். பாதித் தப்பாவது சத்தம் போட்டுவிடும். அட்டையை வைத்து வெட்டும் முன்னால், அதே அளவில் ஒன்று தைத்துப் போட்டுப் பார்க்கிற மாதிரி.

நமக்கும் கெர்னலுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்காதீர்கள். நாம் எல்லாருமே யாருக்கோ மாதிரி எழுதிக் கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறோம். புது மருமகளுக்கு சாம்பார் பொடி அளவு, பாங்க்கில் சலான் நிரப்பத் தெரியாதவருக்கு ஒரு மாதிரிச் சலான், தம்பிக்கு லோன் விண்ணப்பம். நோட்ஸில் ஒரு கணக்கு தப்பாக இருந்தால் வகுப்பே அதே தப்பைப் போட்டுவிட்டு வரும். டியூஷனுக்கு வழியுள்ள பையன் தப்பித்துக்கொள்வான்.

உங்கள் மாதிரியை நம்புகிறவர், உங்களைவிடக் குறைவாகத் தெரிந்தவர். அதனால்தான் நம்புகிறார். அவரால் உங்களைச் சரிபார்க்க முடியாது. முடிந்திருந்தால் மாதிரியே தேவைப்பட்டிருக்காதே! ஆகவே கொடுக்கும் முன் ஒருமுறை நாமே ஓட்டிப் பார்த்துவிடுவது நல்லது. எதையாவது விட்டிருந்தால், 'இதை விட்டிருக்கிறேன்' என்று ஒரு வார்த்தை.

அடுத்த முறை ஒரு கையேட்டைப் பார்த்துச் செய்து, செய்து, வராமல் போனால், 'எனக்கு அறிவில்லை' என்று முடிவு கட்டும் முன் ஒரு நிமிஷம் அந்தப் பக்கத்தையும் சந்தேகப்படுங்கள். தப்பு அதில்தான் என்று தெரிந்துவிட்டால், உங்கள் வேலை முடிந்ததும் எழுந்து போய்விடாதீர்கள். என்ன தப்பு, ஏன் தப்பு என்று இரண்டு வரி எழுதி, பெயரைப் போட்டு, உரியவருக்கு அனுப்பிவிடுங்கள். உங்களுக்குப் பின்னால் அந்தப் பக்கத்தைத் திறக்கப்போகிறவருக்குக் கேட்க ஆள் இருக்கிறதோ, இல்லையோ.